மருந்தின் அளவும் மருந்தின் விலையும்

மும்பை டாட்டா ஞாபகார்த்த ஆஸ்பத்திரியின் வைத்தியர்கள், தலையிலும் கழுத்திலும் தோன்றும் புற்று நோய் முற்றிப்போன 151 பேரைக் கொண்டு நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவை 2022-ம் வருஷத்தின் பிற்பகுதியில் வெளியிட்டார்கள். வைத்திய உலகில் அதற்குக் கிடைத்த கவனத்தில் கால் பங்குகூட நமது பொது வாழ்வில் அதற்குக் கிடைக்கவில்லை. மருந்து விஷயம் டாக்டர்களைச் சேர்ந்தது, நமக்கென்ன என்று பத்திரிகைக்காரர்கள் ஒதுங்கியிருப்பது வழக்கம்; நாமும் அவ்வழக்கத்துக்கு விலக்காக இருந்தோமென்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பரிசோதனை எழுப்பியிருக்கும் கேள்வி டாக்டர்களோடு முடிந்துவிடுவதன்று. ஒரு மருந்து எவ்வளவு கொடுத்தால் போதும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்? அம்மருந்தை விற்கிறவனிடத்திலா, அல்லது நோயாளியைக் காக்கும் பொறுப்பையுடைய ராஜாங்கத்தினிடத்திலா? இதுவே கேள்வி.

விஷயத்தைச் சற்று ஆதியிலிருந்து சொல்லுவது அவசியம். புற்று நோய்க்கு ரண சிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, விஷ மருந்துகள் ஆகிய மூன்றுமே நெடுங்காலம் வழியாக இருந்தன. நோயை வெளியிலிருந்து வெட்டியும் சுட்டும் நஞ்சூட்டியும் ஒழிக்கும் வழிகள் இவை. நம்முடைய தேகத்துக்குள்ளேயே இயற்கை அமைத்து வைத்திருக்கும் காவற்படையைக் கொண்டு புற்றை எதிர்க்கலாமென்ற எண்ணம் புதிதன்று. 1891-ம் வருஷத்திலேயே நியூயார்க் நகரத்து ரண வைத்தியர் வில்லியம் கோலி என்பவர், தோலைச் சிவக்கச் செய்து கடுங் காய்ச்சலை உண்டாக்கும் ஒரு கிருமியை வேண்டுமென்றே நோயாளியின் கட்டியில் செலுத்திப் பார்த்தார். அக்கிருமி தொற்றிய ஒருவனுக்குக் கழுத்திலிருந்த கட்டி தானே கரைந்துபோனதை ஆஸ்பத்திரிப் பழைய குறிப்புகளில் கண்டதே அவருடைய துணிவுக்குக் காரணம். சிலருக்குப் பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை, ஏன் பலித்ததென்று அவருக்கே தெரியவில்லை. கதிர்ச் சிகிச்சை வந்தவுடன் அவருடைய முறையை எல்லோரும் மறந்தார்கள்.

காரணம் புலப்பட ஏறக்குறைய நூறு வருஷங்களாயின. இரத்தத்திலுள்ள டி அணுக்கள் என்னும் காவலர்கள் அந்நியமான அணுவைக் கண்டால் கொல்லும் சக்தியுடையவை. ஆனால் அவை கட்டுக்கடங்காமல் போனால் சொந்த உடம்பையே அழித்துவிடுமாதலால், அவற்றுக்கு இயற்கை சில கடிவாளங்களைப் பூட்டியிருக்கிறது. புற்றணு மகா தந்திரமுள்ளது. அது காவலனைக் கண்டதும் அந்தக் கடிவாளத்தையே பிடித்து இழுத்து அவனை நிறுத்திவிடுகிறது. கியோட்டோ சர்வகலாசாலையின் தசுக்கு ஹோஞ்சோ 1992-ல் பி.டி.-1 என்ற கடிவாளத்தைக் கண்டுபிடித்தார். அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசன் மற்றொரு கடிவாளத்தை ஆராய்ந்து, அதை விடுவித்தால் எலிகளின் கட்டி கரைவதைக் காட்டினார். இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. கடிவாளத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டு, புற்றணு அதைத் தொடவொட்டாமல் தடுக்கும் மருந்துகளே இப்பொழுது நிவோலுமாப், பெம்ப்ரோலிஸுமாப் என்ற பெயர்களால் வழங்குகின்றன. இவை நோயைத் தாமாகக் கொல்வதில்லை. காவலனை விடுவிக்கின்றன, அவ்வளவே. இவை எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பதையும், விடுபட்ட காவலர்கள் நுரையீரலையோ குடலையோ தாக்கும் அபாயமுண்டு என்பதையும் மறைத்துப் பேசுவது தர்மமாகாது. ஆயினும், பலித்தவர்களிற் சிலர் வருஷக் கணக்காக நோயின்றி வாழ்வது முன்பு எந்த மருந்தினாலும் காணாத காட்சி.

இனி விலையைப் பார்ப்போம். நிவோலுமாப்பை உலகத்தில் முதன்முதலாக அங்கீகரித்த தேசம் ஜப்பான், வருஷம் 2014. முதலில் அருமையான ஒரு தோல் புற்றுக்கே அது அனுமதிக்கப்பட்டதால், நோயாளிகள் சிலரே என்று கணக்கிட்டு மிகப் பெரிய விலை வைக்கப்பட்டது. அடுத்த வருஷம் நுரையீரல் புற்றுக்கும் அனுமதி கிடைத்தது, நோயாளிகள் பெருகினார்கள், விலை மட்டும் இறங்கவில்லை. ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 3½ கோடி யென் ஆகிறது, 50,000 பேருக்குக் கொடுத்தால் 1,75,000 கோடி யென் ஆகும் என்று ஒரு வைத்தியர் 2016-ல் சர்க்கார் சபையொன்றில் கணக்கெடுத்துக் காட்டியதும் தேசம் திடுக்கிட்டது. ஜப்பானிய சர்க்கார் என்ன செய்தார்கள்? வழக்கமான விலைத் திருத்தத்துக்குக் காத்திராமல், 2017 பிப்ரவரி முதல் விலையைச் சரிபாதியாக வெட்டினார்கள். தங்கள் தேசத்துப் பேராசிரியர் கண்டுபிடித்து, தங்கள் தேசத்துக் கம்பெனி விற்கும் மருந்தாயிற்றே என்று அவர்கள் தயங்கவில்லை. இன்னும் ஒரு வேடிக்கை: அதே கம்பெனி தமக்குரிய பங்கைச் சரியாகக் கொடுக்கவில்லை என்று ஹோஞ்சோவே நீதிமன்றத்துக்குப் போனார். 2021-ல் ராஜி ஏற்பட்டு, கம்பெனி அவருக்கு 500 கோடி யென்னும் சர்வகலாசாலையில் ஒரு நிதிக்கு 2,300 கோடி யென்னும் கொடுக்க ஒப்புக்கொண்டது. கண்டுபிடித்தவருக்கே கணக்குக் காட்டத் தயங்கிய வியாபாரம், நோயாளிக்குக் கணக்குக் காட்டுமென்று எதிர்பார்ப்பது பேதைமை.

நம் நாட்டுக்கு வருவோம். இந்திய ஆண்களைத் தாக்கும் புற்று நோய்களில் வாய்ப் புற்றுக்கே முதலிடம். வெற்றிலையோடும் பாக்கோடும் புகையிலையை மெல்லும் கூலிக்காரனும் வண்டிக்காரனும் இதற்கு இரையாகிறார்கள். (புகையிலையின்மேல் வரி வாங்கிக் கொழிக்கும் சர்க்கார் இவர்கள் விஷயத்தில் கடன்பட்டவர்கள் என்பதைத் தனியாக ஒரு நாள் எழுதுவோம்.) பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மேனாட்டு முறைப்படி நிவோலுமாப் கொடுப்பதென்றால் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை 240 மில்லிகிராம் ஏற்ற வேண்டும். இவ்விதமான மருந்துகள் ஏழை நாடுகளில் நூற்றுக்கு மூன்று பேருக்குமேல் கிட்டுவதில்லை என்று டாட்டா ஆஸ்பத்திரி வைத்தியர்களே எழுதுகிறார்கள். மற்ற 97 பேருக்கு என்ன வழி?

அந்த வைத்தியர்கள், விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் முதலானோர், விலையைக் குறைக்கும்படி யாரையும் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை. அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். இரண்டு கூட்டத்தாருக்கும் மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப், எர்லோடினிப் என்ற மூன்று மலிவான மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் அவற்றோடுகூட நிவோலுமாப் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஏற்றப்பட்டது. ஆறு வாரக் கணக்கில் பார்த்தால் மேனாட்டு முறையில் செல்வது 720 மில்லிகிராம். இவர்கள் முறையில் 40. அதாவது பதினெட்டில் ஒரு பங்கு. முடிவு யாதெனில், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஒரு வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 100-க்கு 16 பேர். சிறிய அளவு நிவோலுமாப்பும் பெற்றவர்களில் 43 பேர். கடுமையான உபத்திரவங்கள் மருந்து பெற்றவர்களுக்கு அதிகமாகவுமில்லை.

இது குருட்டு அதிர்ஷ்டமன்று. 2010-ல் வெளியான ஆரம்பப் பரிசோதனையிலேயே, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் கொடுத்தபோதும், 10 மில்லிகிராம் கொடுத்தபோதும், கடிவாளங்களின்மேல் மருந்து உட்கார்ந்திருக்கும் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்று தெரிந்திருந்தது. எல்லா நாற்காலிகளும் நிரம்பிய கொட்டகைக்குள் மேலும் ஜனங்களை விடுவதால் ஆட்டம் நன்றாக நடந்துவிடாது. அறுபது கிலோ எடையுள்ள நம்மூர் மனிதனுக்கு 0.3 மில்லிகிராம் வீதம் கணக்கிட்டால் 18 வருகிறது. 20 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது இதிலிருந்து விளங்கும். விஷ மருந்துகளில் அதிகம் கொடுத்தால் அதிகம் கொல்லும் என்ற பழைய நியாயம், காவலனை விடுவிக்கும் மருந்துக்கும் பொருந்துமென்று எண்ணிக் கொண்டதே தவறு. அந்தத் தவறினால் யாருக்கு லாபம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பரிசோதனை ஒரே ஆஸ்பத்திரியில் நடந்தது. சிறிய அளவை மருந்தில்லாமையோடு ஒப்பிட்டார்களே தவிர, முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிடவில்லை. தலை, கழுத்துப் புற்றில் கண்டதை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் அப்படியே நீட்டிவிட முடியாது. இவையெல்லாம் சரியான ஆக்ஷேபங்களே. ஆனால், "ஏழைக்குக் குறைந்த அளவு, பணக்காரனுக்கு முழு அளவு என்று இரண்டு வைத்தியமா?" என்று சிலர் கேட்பது மட்டும் நமக்கு விளங்கவில்லை. இப்போது இருப்பது இரண்டு வைத்தியமல்ல. ஒருவனுக்கு வைத்தியம், மற்றவனுக்கு ஒன்றுமில்லை. ஆக்ஷேபங்களுக்குப் பதில் வேண்டுமானால் மேலும் பெரிய பரிசோதனைகள் நடத்த வேண்டும். அவற்றை எந்தக் கம்பெனி நடத்தும்? தன் சரக்கில் பதினெட்டில் ஒரு பங்கு போதும் என்று ருஜுப்படுத்துவதற்குக் கைப்பணம் செலவழிக்கும் வியாபாரியை நாம் இதுவரை பார்த்ததில்லை. அவனைக் குறைகூறவும் இடமில்லை. அவன் வேலை விற்பது. ஆகையால் இது பொதுப் பணத்தில் நடக்க வேண்டிய வேலை. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கௌன்சில் ஒவ்வொரு ராஜ்யத்திலும் உள்ள பெரிய புற்று நோய் ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக்கொண்டு, வாய், நுரையீரல், சிறுநீரகம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிகிராம் போதுமென்ற கேள்வியைத் தானே எடுத்து நடத்துவதற்கு என்ன தடை?

சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் மற்றொன்றும் சொல்ல விரும்புகிறோம். நமது காப்புரிமைச் சட்டத்துக்கு அடிப்படையான அறிக்கையை 1959-ல் எழுதியவர் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதியாக இருந்த ராஜகோபால அய்யங்கார் அவர்கள். வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற 1911-ம் வருஷத்துச் சட்டத்தைக் களைந்து 1970-ல் இயற்றிய சட்டம், மருந்துப் பொருளுக்கே ஏகபோகம் கொடுப்பதை மறுத்தது. அதன் நிழலில்தான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது. சர்வதேச வியாபார ஒப்பந்தத்துக்கு உட்பட்டு 2005-ல் அந்தக் கதவைத் திறந்துவிட்டோம். ஆயினும் 84-வது பிரிவு மிஞ்சியிருக்கிறது. காப்புரிமை வழங்கி மூன்று வருஷங்கள் கடந்த பிறகு, மருந்து நியாயமான விலையில் ஜனங்களுக்குக் கிடைக்கவில்லையானால், வேறொருவர் அதைச் செய்ய அனுமதி கேட்கலாம். 2012 மார்ச்சில் அப்பிரிவின் கீழ் முதல் அனுமதி பிறந்தது. ஈரல், சிறுநீரகப் புற்றுகளுக்கான ஸோராஃபெனிப் மாத்திரையின் ஒரு மாத விலை ரூ. 2,80,428-லிருந்து ரூ. 8,880 ஆயிற்று. வானம் இடிந்து விழவில்லை.

நிவோலுமாப் போன்றவை மாத்திரைகளல்ல. உயிரணுக்களை வளர்த்து அவற்றிலிருந்து எடுக்கும் பொருள்கள். அனுமதிச் சீட்டு கையிலிருந்தாலும் செய்யும் வித்தை கையிலில்லாமல் ஒன்றும் நடவாது. அவ்வித்தையுள்ள தொழிற்சாலைகள் இந்தியாவில் இருக்கின்றன. நிவோலுமாப்பின் மூலக் காப்புரிமைக்கு 2006 மே மாதத்தில் தொடங்கிய இருபது வருஷக் கெடு 2026 மே மாதத்தோடு முடிகிறது. ஒரு மருந்தின் கெடு தானே முடியும்வரை காத்திருந்து விட்டோம். இனிப் பின்தொடரும் மருந்துகளின் விஷயத்திலும் இருபது வருஷம் காத்திருப்பதுதான் கொள்கையா என்பதை மத்திய சர்க்கார் தெளிவுபடுத்த வேண்டும். இறக்குமதி வரியை ரத்து செய்கிறோம் என்று அவர்கள் பெருமை பாராட்டுகிறார்கள். 2023-ல் பெம்ப்ரோலிஸுமாப்புக்கும், 2024-ல் டுர்வாலுமாப்புக்கும் வரி நீங்கியது உண்மையே, வரவேற்கிறோம். மலை போன்ற விலையில் வரி ஒரு மண்வெட்டி மண். அதை அப்புறப்படுத்திவிட்டு வழி திறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

சுதேசி முயற்சிக்கு நமது கையாலாகாது என்று பேசுவோர் கிண்டி வரை ஒரு நடை போய் வரலாம். அங்கே 1948-ல், சுதந்திரம் வந்த மறு வருஷமே, சர்க்கார் அமைத்த பி.ஸி.ஜி. மருந்துச் சாலை இருக்கிறது. காச நோயைத் தடுக்கும் இந்தப் பாலை ஊசியை ராஜாஜி 1955-ல் கடுமையாக எதிர்த்தது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அது வேறு கதை. 1976-ல் கனடாவில் கிங்ஸ்டன் நகரத்து வைத்தியர் ஆல்வரோ மொராலெஸ், மூத்திரப் பையில் மேலாகப் பரவிய புற்றுடைய ஒன்பது பேருக்கு அதே பி.ஸி.ஜி.யை வாரம் ஒரு முறை பைக்குள் செலுத்திப் பலன் கண்டதை வெளியிட்டார். பலங்குன்றிய காசக் கிருமியைக் கண்டு காவற்படை அங்கே ஓடிவருகிறது. வந்த இடத்தில் புற்றையும் தாக்குகிறது. கோலியின் மறந்துபோன எண்ணம் இவ்வாறு மறு ஜன்மம் எடுத்தது. இன்றுவரை அந்நோய்க்கு அதுவே முதல் மருந்து. கிண்டிச் சாலை குழந்தைகளுக்கான ஊசியோடு, மூத்திரப் பைப் புற்றுக்கான 40 மில்லிகிராம் மருந்தையும் தன் வேலைகளில் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. 2012-ல் டொரோண்டோ நகரத்துத் தொழிற்சாலையில் இம்மருந்தின் உற்பத்தி நின்றது. அக்கம்பெனி 2017-ல் அத்தொழிலையே கைவிட்டது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே மருந்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிலை வந்தது. அத்தகைய பொருளைச் செய்யும் சாலை நம்மிடம் இருக்கிறது. அதற்கு நாம் செய்த மரியாதை என்ன? 2008 ஜனவரியில், உற்பத்தி விதிகளுக்குக் குறைவாக இருக்கிறதென்று காரணங்காட்டி, கிண்டி, குன்னூர், கஸௌலி ஆகிய மூன்று இடத்துச் சர்க்கார் சாலைகளின் லைசென்ஸையும் ஒரே வீச்சில் நிறுத்தினார்கள். குறையிருந்தால் பணம் ஒதுக்கிச் சீர்திருத்துவதல்லவோ முறை? 2010-ல் தடை நீங்கியது. இடையில் போன இரண்டு வருஷத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

நோயாளியின் சொந்த டி அணுக்களையே வெளியே எடுத்து, புற்றை அடையாளங் காணும்படி மாற்றி, மீண்டும் ஏற்றும் சிகிச்சையிலும் நம்மவர்கள் பின்தங்கவில்லை. 2017-ல் அமெரிக்காவில் இது அங்கீகரிக்கப்பட்டபோது ஒரு தடவைக்கு 4,75,000 டாலர் விலை வைத்தார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நிலையமும் சேர்ந்து உருவாக்கிய முறை 2021 ஜூன் மாதத்தில் முதல் நோயாளிக்கு அளிக்கப்பட்டு, 2023-ல் அனுமதி பெற்றது. அடுத்த வருஷம் ஏப்ரலில் ராஷ்டிரபதி அதைத் தேசத்துக்கு அர்ப்பணம் செய்தார். மேனாட்டு விலையில் பத்தில் ஒரு பங்கே ஆகிறது. பெருமைதான். ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கே முப்பது நாற்பது லட்சம் ரூபாய். சர்க்கார் வைத்தியக் காப்புறுதித் திட்டத்தின் உச்ச வரம்போ குடும்பத்துக்கு வருஷத்தில் ஐந்து லட்சம். மீதியை யார் கொடுப்பது என்பதற்கு அர்ப்பண விழாவில் விடை கிடைக்கவில்லை.

எனவே இன்றே செய்யக்கூடியதைச் செய்யும்படி ராஜ்ய சர்க்காரைக் கேட்கிறோம். சிறிய அளவு முறையை, அதன் வரம்புகளை நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர்கள் சம்மதத்தின் பேரில், முற்றிய வாய்ப் புற்றுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கலாம். காப்புறுதிப் பட்டியலிலும் அதைச் சேர்க்க வேண்டும். நடைமுறையில் ஒரு சிறு சிக்கல் உண்டு. மருந்து 40, 100 மில்லிகிராம் குப்பிகளில் வருகிறது. திறந்த குப்பியை நெடுநேரம் வைத்திருக்க முடியாது. ஒருவனுக்கு 20 கொடுத்துவிட்டு மீதியைக் கொட்டினால் சிக்கனம் எங்கே? இரண்டு நோயாளிகளை, அல்லது ஐந்து பேரை, ஒரே நாளில் வரவழைத்து ஒரு குப்பியைப் பங்கிட வேண்டும். தனித்தனியே சிதறிக் கிடக்கும் ஆஸ்பத்திரிகளில் இது நடவாது. அடையாற்றிலும் காஞ்சீபுரத்திலும் போலப் புற்று நோய்க்கென்றே அமைந்த இடங்களில், வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்தால் நடக்கும். வரும் நோயாளிகளுக்குப் பஸ் செலவு கொடுத்தாலும் சர்க்காருக்கு லாபமே.

சென்ற வருஷம் நமது ராஜ்யத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு முற்றிய வாய்ப் புற்றோடு வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் இந்த வகை மருந்தை எந்த அளவிலேனும் பெற்றவர்கள் எத்தனை பேர்? சுகாதார மந்திரி இந்த இரண்டு எண்களையும் சட்டசபையின் முன் வைக்கட்டும். அவர் தாமாக வைக்காவிட்டால், எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும் ஓர் அங்கத்தினர் எழுந்து கேட்கட்டும்.